வாயிற்படியும் மழைநீரும்

சென்ற ஆடித் திங்கள் பௌர்ணமியை அடுத்த ஞாயிறன்று, மும்பையில் எம் அன்பர்கள் கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்தபின், இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "ஐயா, எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நாலு முழ நிலத்தில் அம்மா சேம்பும் கீரையும் வைத்திருக்கிறார்கள். மழை பிடித்தது முதல் நத்தைகள் ஓரிரவில் எல்லாவற்றையும் தின்று தீர்க்கின்றன. அம்மா உப்பைத் தூவிக் கொல்கிறார்கள். காலையில் சீலம் எடுத்துக்கொண்டு மாலையில் உப்புத் தூவுவது தகுமா?" என்றார். சிலர் நகைத்தனர். யாம் நகைக்கவில்லை. எம் வீட்டுச் சாளரத்திலும் அத்தகைய உப்புச் சட்டி ஒன்று இருந்தது.

இந்நத்தை நம் நாட்டுக்கு உரியதன்று என்பதை முதற்கண் அறிதல் நலம். கையகலம் வளரும் இந்த ஆப்பிரிக்க நத்தையை 1847-ஆம் ஆண்டில் பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரீசியசுத் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். நத்தை, சிப்பி முதலியவற்றை ஆராய்வதில் பெருவிருப்புடையவர் அவர். எவர்க்கும் தீங்கு எண்ணியவரல்லர். ஆயினும் ஒரு தோட்டத்தில் இடம்பெற்ற அப்பிராணி காலப்போக்கில் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவி, இன்று மாரிதோறும் ஏழையின் கீரைப் பாத்திக்கு எமனாய் நிற்கின்றது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு மீள்வோம்.

இளைஞரின் வினாவுக்கு விடை கூறுதல் அரிதன்று. உயிர் ஒன்று இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் மரணம் என்னும் ஐந்தும் கூடிய இடத்துக் கொலை நிறைவுறுகின்றது என உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர். உப்புச் சட்டியில் இவ்வைந்தும் உள்ளன. ஆகலின் அது கொலையே. செடியைச் சுற்றிக் காய்ந்த சாம்பலை வளையமாக இடலாம் என்பர் சிலர்; மும்பை மாரியில் காய்ந்த சாம்பலுக்கு எங்கே போவது என்பதை அவர்கள் கூறுவதில்லை. இரவில் விளக்கேற்றிக் கையால் பொறுக்கலாம். பொறுக்கிய பின் என் செய்வது?

அன்று கூட்டத்தில் மூத்த அன்பர் ஒருவர் இதற்கு விடை கூறினார்: "எடுத்து மதிலுக்கு அப்பால் போட்டுவிடு, தம்பி. கொலையும் இல்லை, கீரையும் பிழைக்கும்." அனைவரும் தலையசைத்தனர். சீலம் காக்கப்பட்டது என்னும் மகிழ்ச்சி எல்லோர் முகத்திலும் தோன்றிற்று. மதிலுக்கு அப்பால் இருப்பவர் யார், அவர் வீட்டில் கீரை உண்டா என்று கேட்டவர் ஒருவருமிலர். எமக்கோ அக்கணமே வேறொரு நினைவு எழுந்து, வெட்கம் மேலிட்டது. அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

2005-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாளை மும்பையில் வாழ்ந்த எவரும் மறவார். சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதே நாளில், அதே நகரின் தென்கோடியாகிய கொலாபாவில் பெய்தது 75 மில்லிமீட்டரையும் எட்டவில்லை. கடலும் அன்று பொங்கி நின்றமையால் நகரத்து நீர் வடிவதற்கு வழியின்றித் தேங்கிற்று. மித்தி ஆறு கரை கடந்தது. இரயில்கள் நின்றன. வேலைக்குச் சென்றோர் இரவெல்லாம் நடந்தனர். பலர் அலுவலகங்களிலேயே தங்கினர். வெள்ளம் வடிந்த பின்னர் எலிக்காய்ச்சல் கண்டு மாண்டவரும் பலர்.

அன்று எம் வீட்டிலும் ஆளில்லை. மார்பளவு நீர் தெருவில் ஏறிய வேளையில், வாயிலில் கட்டியிருந்த எம் நாயை அவிழ்த்துத் தம் வீட்டுப் பரணில் ஏற்றி வைத்துக்கொண்டவர் அடுத்த வீட்டு மூதாட்டியார். இரத்தினகிரிப் பக்கத்தவர், கணவரை இழந்தவர், தெருவார் அனைவரும் மௌசி என்றே அழைப்பர். அந்நாய் அவர் வளர்த்த செவந்திச் செடிகளைப் பலமுறை பிறாண்டிப் போட்ட நாய். அவர் அதனை வைதது உண்டு. எம்மையும் வைதது உண்டு. ஆயினும் அவ்விரவு அது அவர் பேரனோடு ஒரே போர்வையில் கிடந்தது.

மறு ஆண்டு மாரிக்கு முன்னர், கொத்தனாரை அழைத்து எம் வாயிற்படியை மூன்று செங்கல் உயரம் கூட்டி, முன்புறத்துக்குச் சிமெண்டும் பூசினோம். பெருவெள்ளத்துக்கு மூன்று செங்கல் எம்மாத்திரம்? 2005-ஆம் ஆண்டைப் போன்ற மழை மீண்டும் வந்தால் முப்பது செங்கலும் பயன்படா. ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் நடுத்தர மழைக்கு அது நன்றாகவே உதவிற்று. தரை நனையவில்லை. கொத்தனாரை வாயாரப் புகழ்ந்தோம்.

மூன்றாம் மாரியில் மௌசியின் பேரனுக்குக் காய்ச்சல் என்று கேட்டுப் பார்க்கச் சென்றோம். அரிசித் தகரம் செங்கற்களின் மேல் இருந்தது. கட்டிலின் கால்கள் ஊறிக் கறுத்திருந்தன. சுவரில் முழங்கால் உயரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஈரக் கறைகள், மூன்று மாரிக்கும் கணக்கெழுதியது போல. யாம் அவற்றை நோக்குவதை அவர் கண்டார். "உங்கள் வீட்டுத் தண்ணீர், இப்பொழுது இங்கேதான் குடியிருக்கிறது" என்று மராட்டியில் கூறிவிட்டுத் தேநீர் வைக்க எழுந்தார். குரலில் கோபம் இருந்ததாகத் தோன்றவில்லை. இருந்திருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

இவ்விடத்தில்தான் எம் மனம் ஒரு பழங்கதையிடம் தஞ்சம் புகுந்தது. தம்மபத உரையின் முதற்கதை அது. நம்மில் பலர் அறிந்ததே. கண்ணிழந்த சக்குபால தேரர் ஜேதவனத்தில் மழை பெய்த இரவில் உலவினார். மழைக்கு வெளிப்பட்ட இந்திரகோபப் பூச்சிகள் பல அவர் அடியிற்பட்டு மாண்டன. காலையில் அதனைக் கண்ட பிக்குகள் பகவனிடம் முறையிட்டனர். அவர் கொல்வதை நீங்கள் கண்டீர்களா என்று பகவன் வினவினார். காணவில்லை என்றனர். நீங்கள் அவரைக் காணாதது போலவே அவரும் அப்பூச்சிகளைக் காணவில்லை. அவரிடம் கொல்லும் எண்ணம் இல்லை எனப் பகவன் தெளிவித்தார். எண்ணமே வினை என்பது நம் தன்மத்தின் நடுநாடி அன்றோ? யாமும் மௌசியின் வீட்டை நனைக்க எண்ணிப் படி கட்டவில்லை. எம் வீடு உலர்ந்திருக்கவே கட்டினோம். ஆகவே குற்றமில்லை என்று எமக்கு யாமே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

இத்தீர்ப்பு இரண்டு மாரிகள் நின்றது. அதை ஒளிப்பதில் பயனில்லை. கறையைக் கண்ட பின்னரும் இரண்டு மாரிகள் யாம் ஒன்றும் செய்யவில்லை. சந்தித்த போதெல்லாம் மௌசிக்கு முன்னினும் பணிவாக வணக்கம் சொன்னோம். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினோம்.

பின்னர் அக்கதையை மீண்டும் படித்த பொழுதுதான் அது எம்மைக் காக்கவில்லை என்பது விளங்கிற்று. சக்குபாலர் கண்ணிழந்தவர். யாம் கண்ணை மூடிக்கொண்டவர்கள். முதல் இரண்டு மாரிகளில் யாம் அறியவில்லை என்பது உண்மையே. ஆனால் நீர் ஓரிடத்தில் புகாவிடில் மற்றோரிடத்தில் புகும் என்பதைக் காகிதக் கப்பல் விடும் குழந்தையும் அறியும். யாம் கேட்டறியாமைக்குக் காரணம், அறியாதிருத்தல் எமக்கு வசதியாயிருந்ததே. அவ்வசதியின் மேல் வைத்த விருப்பமும் ஓர் எண்ணம்தான். பிக்குகளுக்குரிய விதிகளுள் ஒன்று, உயிரினங்கள் உள்ள நீரை அறிந்தே புல்லிலோ மண்ணிலோ ஊற்றலாகாது என்கின்றது. அவ்விதியில் "அறிந்தே" என்னும் சொல் இருப்பதால் அறியாதவன் விடுபடுகின்றான், அறிந்தவன் விடுபடுவதில்லை. சுவரின் கறையைக் கண்ட நாளிலிருந்து எமக்கு அச்சொல்லின் நிழல் இல்லை.

இங்கு ஒரு வேறுபாட்டையும் கூற வேண்டும். பகைமையால் வாளியில் நீரை மொண்டு அடுத்த வீட்டில் ஊற்றுபவனும் யாமும் ஒன்றென்று சொல்ல மாட்டோம். அவன் விரும்புவது பிறர் துன்பத்தை. யாம் விரும்பியது எம் சுகத்தை. அதன் விலையைப் பிறர் செலுத்துவதைக் கண்டும் வாளாவிருந்தோம். வினையின் அளவில் இவை வேறு. ஈரத் தரையில் படுத்த குழந்தைக்கு அவ்வேறுபாடு தெரிந்திருக்காது.

நண்பர் ஒருவரிடம் இதனைக் கூறியபொழுது, "அவரும் மூன்று செங்கல் வைத்துக்கொள்ளட்டுமே" என்றார். எம் தெருவில் நடப்பது அதுவே. பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் இட்டு இட்டுத் தெரு உயர்கின்றது. தெரு உயர வீடுகள் தாழ்கின்றன. பொருளுள்ளவர் படியை உயர்த்துகின்றனர். தெருவில் நடந்து வாயிற்படிகளை அளந்தாலே எவ்வீட்டில் எவ்வளவு வருவாய் என்று எழுதிவிடலாம். செங்கலுக்கு வழியற்ற வீட்டில் தெரு முழுவதன் நீரும் சேர்கின்றது. அங்கே உள்ளவர்களைத் துன்புறுத்த எண்ணியவர் ஒருவருமில்லை. பென்சன் துரையும் எவர் கீரையையும் அழிக்க எண்ணவில்லை.

மாரிக்காலத்தில் பிக்குகள் மூன்று திங்கள் ஓரிடத்தில் உறைய வேண்டும் என்னும் விதி எழுந்த வரலாறும் இதனோடு ஒட்டியதே. பிக்குகள் மாரியிலும் நடந்து பசும்புல்லை மிதிக்கின்றனர், சிற்றுயிர்களை நசுக்குகின்றனர் என்று மக்கள் குறைகூறினர். அதனைக் கேட்ட பகவன் அவ்வுறைவை விதித்தார். அப்பிக்குகளும் கொல்ல எண்ணி நடந்தவரல்லர். எண்ணமில்லையே என்று கூறி விடையனுப்பியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் நடையையே மாற்றினார். சக்குபாலரின் கதையைப் பெருவிருப்புடன் எடுத்துரைக்கும் நாம் இவ்வரலாற்றை அவ்வளவு அடிக்கடி கூறுவதில்லை. முந்தையது நடந்துவிட்டதற்கு ஆறுதல் தருகின்றது. பிந்தையது இனிச் செய்ய வேண்டியதைக் கேட்கின்றது.

ஐந்தாம் மாரி முடிந்த பின்னர் மௌசியிடம் சென்று பேசினோம். படியை இடித்துவிடுகின்றோம் என்றோம். அவர் சிரித்து, "இரண்டு வீடும் நனைந்தால் எனக்கென்ன லாபம்?" என்றார். இரு வீட்டுக்கும் முன்னே ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் வெட்டிச் சாய்வு கொடுத்து, மேலே கல் பாவினோம். செலவில் பாதியை அவர் தருவதாகப் பிடிவாதம் செய்தார். மூன்று செங்கலின் கடன் இருக்கின்றது என்று மறுத்துவிட்டோம். அவருடைய செவந்திச் சட்டிகள் இப்பொழுது அக்கல்லின் மேல் இருக்கின்றன. அடுத்த மாரியில் இரு வீட்டிலும் நீர் புகவில்லை.

அவ்விளைஞருக்கு அன்று கூட்டத்தில் விடை கூறாமல் வந்துவிட்டோம். மறுவாரம் அவரைக் கண்டு, உப்பும் வேண்டா, மதிலும் வேண்டா. இம்மாரிக்குச் சேம்பைச் சட்டிகளில் வைத்துச் சாளரக் கம்பியில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள் என்றோம். பாதிச் செடிதான் கொள்ளும் என்றார். ஆம், பாதிதான் கொள்ளும்.

யாம் வெட்டிய வாய்க்கால் தெருமுனை வீட்டின் அருகே முடிகின்றது. அங்கே புதிதாக ஒரு குடும்பம் குடிவந்துள்ளது. அவர்களுடைய சுவரை யாம் இன்னும் பார்க்கவில்லை. வரும் ஞாயிறு வந்தனைக்குப் பின்னர் மௌசியும் யாமும் சென்று பார்ப்பதென்று பேசியிருக்கின்றோம்.