எப்போது கைதட்டுவது?

ஆர்கெஸ்ட்ரா எனப்படும் பெரிய வாத்தியக் குழுவின் இசையை நேரில் கேட்கச் செல்லும் ஒருவர், சிம்பொனியின் முதல் பகுதி முடிந்த உற்சாகத்தில் கைதட்டிவிட்டால், முன்வரிசையிலிருந்து இரண்டு தலைகளாவது திரும்பி அவரை முறைப்பது ஐரோப்பிய இசைக்கூடங்களில் இன்று வழக்கமாகியிருக்கிறது. சிம்பொனி என்பது பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்ட நெடிய படைப்பு. மூவ்மெண்ட் என்று சொல்லப்படும் அப்பகுதிகளுக்கு இடையே இசை நின்றாலும் படைப்பு முடிவதில்லை என்பதால், இறுதிவரை கைகள் மடியிலேயே இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அந்த இடைவெளியில் அவையினர் தாராளமாக இருமலாம். ஹார்ன் வாசிப்பவர் வாத்தியத்தின் குழாயில் தேங்கிய நீரைக் கவிழ்த்துக் கொட்டலாம். கைதட்டுவது மட்டும் குற்றம்.

இந்த விதி சிம்பொனியோடு கூடப் பிறந்ததன்று என்பதற்கு 1778ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியே சான்று. சமயத் திருநாள்களில் ஆபரா அரங்குகள் மூடப்பட்டிருக்கும்போது, அந்நகர மக்களுக்கு இசை வழங்கிவந்த ‘கோன்செர் ஸ்பிரிச்சுவெல்’ என்னும் நிறுவனம், அப்போது 22 வயதினராக இருந்த மோட்சார்ட்டிடம் ஒரு சிம்பொனி எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டது. ஜூன் 18 அன்று அது அரங்கேறியது. முதல் நாள் ஒத்திகை மிக மோசமாக நடந்ததைக் கண்டு மனம் கலங்கிய மோட்சார்ட், நிகழ்ச்சிக்கே போகாமல் இருந்துவிடலாமா என்று எண்ணி, பின்னர், அங்கும் தவறாகப் போனால் முதல் வயலின் கலைஞரின் கையிலிருந்து வயலினைப் பிடுங்கித் தாமே நடத்திவிடுவது என்ற துணிவோடு சென்றதாகத் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் தெரிவிக்கிறார்.

அதற்குத் தேவை ஏற்படவில்லை. முதல் பகுதியின் நடுவே அவையினரை நிச்சயம் கவரும் என்று அவர் கருதிய இசைத்தொடர் ஒன்று வந்தபோது, அவர் எதிர்பார்த்தபடியே, இசை ஓடிக்கொண்டிருக்கையிலேயே பலத்த கைதட்டல் எழுந்தது. அப்படி எழும் என்று தெரிந்துதான் அதே தொடரை அப்பகுதியின் முடிவிலும் மீண்டும் வைத்திருந்தார். இறுதிப் பகுதியில் அவர் செய்தது இன்னும் குறும்பானது. எல்லா வாத்தியங்களும் ஒரே வீச்சில் சேர்ந்து முழங்கத் தொடங்குவதையே பாரிஸ் இசைக்குழுக்கள் பெருமையாகக் கருதின என்பதை அறிந்திருந்தும், அவர் முதல் வயலின்களையும் இரண்டாம் வயலின்களையும் மட்டும் எட்டு அளவைகள், அதாவது எட்டுத் தாளச் சுற்றுகள், மெல்ல ஒலிக்கவிட்டுப் பிறகு முழுக் குழுவையும் சேர்த்தார். மெல்லிய இடத்தில் ஒருவரையொருவர் ‘உஷ்’ என்று அடக்கிக்கொண்ட அவையினர், முழக்கம் எழுந்த கணமே கைதட்டினர். மகிழ்ச்சி தாளாத மோட்சார்ட் பாலே ரோயால் பகுதிக்குச் சென்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, நேர்ந்துகொண்டபடி ஜெபமாலை சொல்லி வீடு திரும்பினார். உடன் வந்திருந்த அவருடைய தாய் ஜூலை 3 அன்று இறந்தபின், அச்செய்தியைத் தந்தையிடம் மறைத்து, தாய்க்கு உடல்நிலை சரியில்லை என்று மட்டும் எழுதிய கடிதத்தில்தான் இத்தனை உற்சாகமும் பதிவாகியுள்ளது என்பது வேறு கதை.

19ஆம் நூற்றாண்டில்தான் நிலைமை மெல்ல மாறியது. மெண்டல்சன் தம் ஸ்காட்டிஷ் சிம்பொனியின் பகுதிகளை இடைவெளியின்றி வாசிக்கவேண்டும் என்று கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஓர் இசையமைப்பாளர் ஒரு படைப்புக்கு வேண்டியதை எல்லாப் படைப்புகளுக்கும் சட்டமாக்கி, தெரியாமல் கைதட்டியவரைத் தலைகுனிய வைப்பது ரசனையாகாது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறிய பிறகு, இத்தகைய கூடங்களுக்குச் செல்லும் ஆசை தமிழரிடையே பெருகியிருக்கக்கூடும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்தவுடன், பாடல் இன்னும் முடியாத நிலையிலேயே, கைதட்டிப் பழகிய அவர்கள் இவ்விதியை எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

கண்டிக்கத் தக்கவர் வேறு ஒருவர். சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியில், அணிவகுப்பு நடையில் அதிர முடியும் மூன்றாம் பகுதிக்குப் பின் கைதட்டாமல் இருப்பதே கடினம். நான்காம் பகுதியோ செல்லோக்களிலும் டபுள் பாஸ்களிலும் தேய்ந்து தேய்ந்து அடங்குகிறது. மூன்றாம் பகுதியில் கைதட்டிய புதியவரை முறைத்த அதே மேதாவி, முடிவு தமக்குத் தெரியும் என்று காட்டும் அவசரத்தில், கடைசிச் சுரம் காதில் அடங்கும் முன்பே ‘பிராவோ’ என்று கத்துகிறார். அவரைத் திரும்பிப் பார்த்து முறைக்க ஒரு தலையும் இல்லை.