காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில்

கடந்த பங்குனியில் மகளுக்குப் பதினேழு வயதானது. இங்கிலாந்தில் அந்த வயதில் சிவப்பு 'எல்' எழுத்தைக் காரில் ஒட்டிக்கொண்டு ஓடிப் பழகலாம். ஓட்டோமற்றிக் காரில் சோதனை பாஸ் பண்ணினால் ஓட்டோமற்றிக் மட்டும்தான் ஓடலாம். கியர்க் காரில் பாஸ் பண்ணினால் இரண்டையும் ஓடலாம். ஆகவே எங்கள் கியர்க் காரிலேயே பழகட்டும் என்று ஒரு ஞாயிறு காலை ஹரோவில் ஆளில்லாத கார்த் தரிப்பிடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன்.

முதலாம் கியரில் போட்டாள். அக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினாள். எஞ்சின் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி, கிளச்சையும் விட்டாள். கார் முயல் போல ஒரு பாய்ச்சல் பாய்ந்து நின்றது.

"நான் ஒண்டும் செய்யேல்லை அப்பா. கார் தானாப் பாஞ்சது."

"கார் தானாப் பாயாது பிள்ளை. நீதான் அழுத்தினனி."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள்தானே அண்டைக்கு அந்தத் தாத்தாவிட்டை அப்பிடிச் சொன்னீங்கள்?"

அன்று நடந்தது இதுதான். அதற்கு முந்திய கார்த்திகையில் ஒரு மாலை, வரிக்குதிரைக் கோட்டுக் கடவையில் ஒரு முதியவருக்காகக் காரை நிறுத்தியிருந்தேன். அவர் முக்கால்வாசி கடந்துவிட்டார் என்று நினைத்துப் புறப்பட ஆயத்தமானேன். காலை வைத்தேன், இழுவை இல்லை. கூட அழுத்தினேன். கார் ஒரு யார் தூரம் முன்னே பாய்ந்தது. அவர் மீது படவில்லை. ஆனால் பதறியதில் கைத்தடியை விட்டுவிட்டு மஞ்சள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். இறங்கி ஓடிப்போய்த் தடியை எடுத்துக் கொடுத்தேன். "மன்னிக்கவேண்டும், கார் தானாகப் பாய்ந்துவிட்டது" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பக்கத்து இருக்கையில் மகள் இருந்தாள்.

நான் சொன்னது முழுப் பொய்யா? பழைய கார்களில் அக்சிலரேட்டரை ஒரு கம்பி நேரே எஞ்சினின் காற்றுக் கதவோடு இணைத்திருந்தது. கால் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு கதவு திறக்கும். இன்றைய கார்களில் அந்தக் கம்பி இல்லை. 1980களின் பிற்பகுதியில் ஆடம்பரக் கார்களில் தொடங்கிய மாற்றம், 2000களில் சாதாரணக் கார்களுக்கும் வந்துவிட்டது. இப்போது பெடலின் அடியில் உணரிகள் இருக்கின்றன. அவை காலின் நிலையைக் கணினிக்குச் சொல்கின்றன. ஒன்று பிழையாகச் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கட்டும் என்று, இரண்டு சாட்சிகளைப் போல, குறைந்தது இரண்டு உணரிகளை வைக்கிறார்கள். கதவை எவ்வளவு திறப்பது என்று கணினி தீர்மானிக்கிறது. என் கால் கட்டளை இடுவதில்லை, விண்ணப்பம் கொடுக்கிறது.

கியர்க் கார் ஓடுபவர்களுக்கு இந்த விண்ணப்பத்தின் தாமதம் காலில் தெரியும். புறப்படும்போது கார் உதறாமல் இருப்பதற்காகக் கணினி முதல் அழுத்தத்தை மட்டுப்படுத்துகிறது; பொறுமையில்லாதவன் கூட அழுத்துகிறான்; பிறகு இரண்டும் சேர்ந்து வருகின்றன. கியர் மாற்றக் காலை எடுத்தாலோ, எஞ்சினின் சுழற்சி உடனே இறங்காமல் ஒரு கணம் அப்படியே தொங்கி நிற்கிறது. அக்சிலரேட்டரைத் தொடாமல் கிளச்சை மெல்ல விட்டால், எஞ்சின் அணைந்துவிடாதபடி கணினி தானே கொஞ்சம் காற்றைக் கூட்டிக் காரை நகர்த்துகிறது.

ஆக, அந்தக் கடவையில் பாய்ந்தது என் கால் மட்டுமல்ல என்று நான் வாதாடலாம். ஆனால் வாதாட வெளிக்கிட்டபோது பெரியப்பாவின் ஞாபகம் வந்தது.

பெரியப்பா கோண்டாவிலில் ஹயர் கார் ஓடியவர். ஒஸ்ரின் ஏ40. 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், மற்றவர்களைப் போல அவரும் மண்ணெண்ணெயில்தான் காரை ஓடினார். ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டுகளைக் கார்பரேட்டரில் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தக் காரில் கம்பி நேரே போனது. ஆனாலும் எஞ்சின் காலுக்குக் கீழ்ப்படியவில்லை. அழுத்தினால் முதலில் இருமும். பிறகு இழுக்கும், சிலநேரம் எதிர்பாராத வேகத்தில்.

ஒருநாள் அரிசி மூட்டையோடு போன சைக்கிள்காரர் ஒருவரைப் பெரியப்பாவின் கார் தட்டிவிட்டது. ஆளுக்கு உரசல் காயம், சில்லு நெளிந்துவிட்டது, அரிசி றோட்டில் கொட்டியது. கூடிய சனம் பெரியப்பாவின் பக்கம்தான் கதைத்தது: "மண்ணெண்ணெய்க் கார், அவர் என்ன செய்யிறது?" அவர் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது: "மண்ணெண்ணெய் எண்டு தெரிஞ்சுதானே நான் ஏறினனான்." நெளிந்த சில்லுக்கும் கொட்டிய அரிசிக்கும் காசு கொடுத்தார்.

ஆங்கில மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ், ஒழுக்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு உள்ள இடம் பற்றி 1976இல் எழுதியபோது, ஒரு லொறிச் சாரதியை உதாரணம் காட்டினார். தன் மீது எந்தத் தவறும் இல்லாமலே அவன் ஒரு குழந்தையை மோதிவிடுகிறான். பார்த்து நின்றவர்களுக்கும் துக்கம் உண்டு. ஆனால் சாரதிக்கு வரும் துக்கம் வேறு வகையானது என்கிறார் அவர். 'உன் பிழையில்லை' என்று நாம் அவனைத் தேற்றுவோம், தேற்றவும் வேண்டும். ஆனால் அவன் அதை மிகச் சுலபமாக ஏற்றுக்கொண்டால் நமக்கு ஏதோ உறுத்தும்.

அந்தச் சாரதி தவறே செய்யாதவன். நான் அப்படியல்ல. அந்தக் காரை நான்கு வருடமாக ஓடுகிறேன். அது முதலில் தயங்கிப் பிறகு பாயும் என்பது எனக்கு மனப்பாடம். முதல் நாள் பாய்ந்தபோது அது காரின் குணம். ஆயிரமாவது தடவை பாயும்போது, அந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டும் ஒருவர் கடந்து முடியும்வரை காத்திராத என் அவசரம். தாமதம் கணினியுடையது. அதை அறிந்தும் கணக்கில் எடுக்காதது என்னுடையது.

இதை நீட்டி எல்லாப் பழியையும் ஓடுபவன் தலையில் கட்டிவிடவும் கூடாது. 2009, 2010இல் டொயோட்டாக் கார்கள் தாமாக வேகமெடுப்பதாக அமெரிக்காவில் முறைப்பாடுகள் எழுந்து, இலட்சக்கணக்கான கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. கணினிதான் காரணமா என்று நாசாவின் பொறியியலாளர்களே ஆராய்ந்தார்கள். அப்படி ஒரு மின்னணுக் கோளாறைக் காணவில்லை என்று 2011இல் அறிக்கை வந்தது. பெடலில் மாட்டும் தரைவிரிப்பு, ஒட்டிக்கொள்ளும் பெடல், பிரேக் என்று நினைத்து அக்சிலரேட்டரை மிதித்த கால்கள் ஆகியவையே காரணங்களாகப் பேசப்பட்டன. ஆனால் விரிப்பு, பெடல் விடயத்தில் மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014இல் அந்த நிறுவனம் 120 கோடி டொலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அறிந்தவன் அறிந்த அளவுக்குப் பொறுப்பு. செய்தவனுக்குத் தெரிந்ததை ஓடுபவனிடம் மறைத்தால், அந்தப் பங்கு செய்தவனுடையது.

இன்னொன்றும் உண்டு. காலை எடுத்த பின்னும் சுழற்சி தொங்கி நிற்பதைப் பற்றிக் கார்ப் பிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள், நானும்தான். ஆனால் அதற்குக் கனமான பறப்புச் சில்லோடு வேறொரு காரணமும் இருக்கிறது. காற்றுக் கதவைச் சட்டென்று மூடினால் பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவு குழம்பி, எரியாத எரிபொருள் புகையோடு வெளியேறும். அதைத் தடுக்கவே கணினி கதவை மெதுவாக மூடுகிறது. என் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நிற்பது வெறும் கணினி இல்லை. நடைபாதையில் மூச்சுவிடும் மனிதர்களும் அங்கே நிற்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கணம் காத்திருக்கும்படி என்னைக் கேட்கிறது அந்தக் கார். அந்த முதியவருக்காக நான் காத்திராத கணமும் அவ்வளவுதான்.

இவ்வளவையும் அந்தக் கார்த் தரிப்பிடத்தில் மகளுக்குச் சொல்லவில்லை. அன்று சொன்னது கொஞ்சம்தான்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை பிள்ளை. கார் பாயும் எண்டு எனக்குத் தெரியும். அவர் போய் முடியும்வரைக்கும் நான் நிண்டிருக்கவேணும்."

அவள் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "அப்ப அதை அவரிட்டைச் சொல்லேலாது, என்ன?"

"ஏலாது."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கிளச்சை அழுத்தி எஞ்சினைத் திரும்ப எழுப்பினாள். இந்த முறை அக்சிலரேட்டரைத் தொடவே இல்லை. கிளச்சை மட்டும் மெல்ல, மிக மெல்ல விட்டாள். கார் நகர்ந்தது.