விடுமுறையும் விடுதலையும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் பாடசாலை விடுமுறைக்கு 'விடுதலை' என்றும் ஒரு பெயர் உண்டு. 'எப்போது விடுதலை?' என்று பிள்ளைகள் கேட்பதை நாம் கேட்டிருக்கிறோம். எதிலிருந்து விடுதலை? வேலையிலிருந்து என்பது எளிய விடை. ஆனால், வேலை நின்ற பின்னரும் மணிக்கூட்டின் ஆட்சி நிற்பதில்லை என்பது நம்மிற் பலரது அநுபவம். விடுமுறையிலும் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பவன் விடுதலை பெற்றவனாவானா? இவ்வினாவையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் நாம் குடும்பத்துடன் நுவரெலியா சென்றோம். மூன்று நாட் பயணம். ஆசிரியர்க்கு இயல்பான பழக்கத்தினாற் பாடநேர அட்டவணை போலவே பயணத்துக்கும் ஓர் அட்டவணை எழுதியிருந்தோம். முதல் நாள் முற்பகல் ஹக்கலைப் பூங்கா; பிற்பகல் கிரகரி வாவி; மறுநாள் விடியுமுன் ஹோட்டன் சமவெளி. வெயில் ஏறுமுன் போகாவிட்டால் மூடுபனி 'உலக முடிவை' மறைத்துவிடும் என்று எச்சரித்திருந்தனர். பூங்காவிலே மரங்களைப் பார்த்ததிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்ததே அதிகம். நீரில் மீனைக் கண்டு நின்ற மகனை, 'நேரம் போகுது, வா' என்று கையைப் பிடித்து இழுத்தோம்.

மறுநாள் பெருமழை. பயணம் நின்றது. விடுதி விறாந்தையில் உட்கார்ந்தோம். முதல் ஒரு மணி நேரம் மனம் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. கொடுத்த பணம் வீணாகிறது, நாள் வீணாகிறது என்ற எண்ணமே மேலோங்கியது. யாருக்கோ கணக்குக் காட்ட வேண்டியவர் போல அமைதியிழந்திருந்தோம். யாருக்கு? அந்நாள் எமது நாளன்றோ! இக்கேள்வி எழுந்த பின்னரே மனம் சற்று அடங்கியது.

இந்தப் பதற்றம் மனிதனின் பிறவிக் குணமன்று. மழையையும் வெயிலையும் நோக்கி விதைத்தவன், நிமிடத்தைக் கொண்டு தன் நாளை அளக்கவில்லை. காலத்தை மணிக்கணக்காக விற்கும் நிலை தொழிலாளிக்கு ஏற்பட்டபோதுதான், விற்காத மணியெல்லாம் நட்டமாகத் தோன்றலாயிற்று. தொழிற்சாலையிற் பிறந்த இந்தக் கணக்கு நாளடைவில் மனத்தினுள்ளும் புகுந்துவிட்டது. மேற்பார்வை செய்ய இன்று வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியதில்லை. நமக்கு நாமே கங்காணிகளாகிவிட்டோம்.

மணிக்கூடு இயற்கையின் கட்டளை என்று எண்ணுவோர் நமது நாட்டு வரலாற்றையே பார்க்கலாம். 1966ஆம் ஆண்டு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நீக்கப்பட்டு, போயா தினங்களே வார விடுமுறையாயின. சந்திரனின் கணக்குப்படி வாரம் சிலவேளை எட்டு நாளாக நீண்டது. 1971இல் ஞாயிறு மீண்டது. 1996ஆம் ஆண்டு மே மாதம் நாடெங்கும் நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அக்டோபரில் அதில் அரைமணி குறைக்கப்பட்டது. 2006இலேயே பழைய நேரம் திரும்பியது. இவ்விடைக்காலத்தில் வன்னியிற் பழைய நேரமே வழக்கிலிருந்தது. ஒரே வீதியில், ஒரே சூரியனின் கீழ், இரண்டு நேரங்கள்! மனிதர் வகுத்த ஒழுங்கை மனிதர் மாற்றலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மாற்றியும் இருக்கின்றனர். 1886இல் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்தது கூலிக்காக மட்டுமன்று. தமக்கென்று ஒரு பொழுது வேண்டுமென்பதற்காகவும் ஆகும். 1936இல் பிரான்சியத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தங்களின் பின் சம்பளத்துடன் கூடிய இரு வார விடுமுறை சட்டமாயிற்று. மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க் 1880இலேயே சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றி எழுதி, நாளொன்றுக்கு மூன்று மணி நேர வேலை போதுமென வாதிட்டார். 1932இல் பேட்ரண்ட் ரஸ்ஸல் நான்கு மணி என்றார். வேலை நேரம் குறைவதே சுதந்திர உலகுக்கு அடிப்படை என்பது மார்க்ஸின் முடிவு. ஆதலின் ஓய்வு முற்போக்காளர் நாண வேண்டிய பொருளன்று. போராடிப் பெற்ற உரிமை. பெற்ற உரிமையை அநுபவிக்கத் தெரியாதிருப்பது, அதனைப் பாதி இழந்ததற்கு ஒப்பாகும்.

ஆயினும், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? அன்று விறாந்தையிலிருந்து நாம் கண்டவை இரண்டு. எதிர்ச் சரிவிலே, தலையிற் பொலித்தீனைப் போர்த்துக்கொண்டு பெண்கள் மழையிற் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். நமக்கு 'இயற்கைக் காட்சி'யாக இருந்தது அவர்களுக்கு வேலை நேரம். பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் அவர்களுக்கு 'அரைப்பேர்'. இது ஒன்று. நமது கையிலிருந்த தேநீர் மற்றொன்று. பறித்தவர்கள் அங்கே, ஊற்றித் தந்தவர் நம் துணைவியார். பிள்ளைகளின் நனைந்த உடுப்பை உலர்த்தி, மருந்தெடுத்து, மறுவேளை உணவை யோசித்துக்கொண்டிருந்த அவருக்கு அந்த விடுமுறையில் விடுதலை இருக்கவில்லை. நாம் அதனைக் கவனிக்கவுமில்லை. நமது அமைதி இவ்விருவரின் நேரத்தின் மீது கட்டப்பட்டிருந்தது.

இதனைக் கண்டு ஓய்வைத் துறப்பது போலித் துறவாகும். நாம் களைத்திருப்பதால் மலைநாட்டுப் பெண்ணின் கூடை பாரங் குறைவதில்லை. ஓய்வைப் பொதுவாக்குவதே வழி. வீட்டில் அது அடுப்படியிற் பங்கு கொள்வதில் தொடங்கும். வெளியில், நாட்கூலியாளருக்கும் சம்பளத்தோடு கூடிய போதிய ஓய்வு கோரும் சங்கத்தின் பக்கம் நிற்பதில் தொடரும்.

ஆசிரியராகிய நமக்குத் தனிப் பொறுப்பொன்றும் உண்டு. மணியடித்துப் பிள்ளைகளைப் பழக்குபவர்கள் நாமே. ஆகஸ்ட் வந்தால் 'விசேட வகுப்பு' என்ற பெயரில் அவர்களது விடுமுறையை விலைக்கு வாங்குபவர்களும் நம்மிடையே உளர். நாமும் சில ஆண்டுகள் அதனைச் செய்தோம். செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. போதாத சம்பளம் ஆசிரியனின் ஓய்வைப் பறிக்கிறது. அவன் மாணவனின் ஓய்வைப் பறிக்கிறான். இச்சங்கிலியை ஒருவர் தனியே அறுத்துவிட முடியாது. ஆனால், அது சங்கிலி என்றாவது சொல்லலாமன்றோ?

மீனைப் பார்த்து நின்ற சிறுவனுக்கு நேரம் போகவில்லை. அவன் நேரத்தினுள்ளே நின்றான். நாமே அவனை இழுத்து வந்தோம். அடுத்த விடுமுறையில் அட்டவணை எழுதாதிருப்போம். அவன் நிற்குமிடத்தில் நாமும் நிற்போம். அடுப்படி வேலையைப் பகிர்ந்துகொண்டு, துணைவியாரும் அங்கு வந்து நிற்கச் செய்வோம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்பெண்களும் தம் பிள்ளைகளோடு அவ்வாறு நிற்கக்கூடிய நாளையே விடுதலை நாள் என்போம்.