பார்க்காத இடமும் காலி இடமும்

மேசர், லேசருக்கு அண்ணன். 1954இல் சார்ல்ஸ் டவுன்ஸ் குழு அதை ஆய்வகத்தில் உருவாக்கியது. 1965இல் வானத்திலிருந்து விசித்திரமான ரேடியோ சமிக்ஞை கிடைத்தபோது, எதுவென்று புரியாமல் பெர்க்லிக்காரர்கள் அதற்கு 'மிஸ்டீரியம்' என்றே பெயர் வைத்தார்கள். ஹைட்ராக்சில் மூலக்கூறுகளின் இயற்கை மேசர்தான் அது.

1991இல் கார்ல் மென்டன் கண்டுபிடித்த 6.7 கிகாஹெர்ட்ஸ் மெத்தனால் மேசர், பெரும் நிறை நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களைக் காட்டிக்கொடுப்பது. குழந்தை நட்சத்திரம் தூசிக்குள் மூடிக்கிடக்கும். சூடான தூசியின் அகச்சிவப்பு ஒளி மெத்தனாலைக் கிளறிவிட, ரேடியோ அலை பெருகி வெளியே வரும்.

சரி, எங்கே தேடுவது? அகச்சிவப்புப் பட்டியல்களில் ஏற்கெனவே பளிச்சென்று இருந்த இடங்களைப் பார்த்துத்தான் பல தேடல்கள் நடந்தன. ஜகதீப் பாண்டியன், கோல்ட்ஸ்மித், தேஷ்பாண்டே மூவரும் 305 மீட்டர் அரெசிபோ தொலைநோக்கியால் வேறு மாதிரி தேடினார்கள். பால்வீதித் தளத்தில் சுமார் 18 சதுர டிகிரிப் பட்டை ஒன்றை, முன்முடிவு இல்லாமல் முழுக்க வருடினார்கள். 2007இல் வெளியான முடிவு: 86 மேசர்கள். அதில் 48 புதியவை. பாதிக்கு மேல்!

எங்கள் தொழிலில் ஜீரோ வேறு, நல் வேறு. ஜீரோ என்றால் பார்த்தேன், இல்லை. நல் என்றால் பார்க்கவே இல்லை. இரண்டையும் கலந்தால் புரோகிராம் தப்பாகும். மனிதர்கள் விஷயத்தில் கலந்தால் அது அநியாயம்.

ஆரணியை எடுத்துக்கொள்வோம். பட்டு ஊர் என்றதும் தறியில் உட்கார்ந்திருப்பவர்தான் மனசில் வருவார். கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் உள்ளவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு சீக்கிரம் முடியும். வீட்டுக்குள் தார் சுற்றும் அக்காவும் பாவு பிணைக்கும் பெரியவரும் அதில் விடுபடலாம். தொழில் முடங்கும் மாதத்தில் அந்தக் கணக்கை வைத்தே நிவாரணம் கொடுத்தால், அவர்கள் வீட்டு அடுப்பு என்னாகும்?

எல்லா இடத்தையும் பார்க்க யாருக்கும் நேரமில்லை, பணமுமில்லை. தொலைநோக்கி நேரமும் அரிதுதான். ஆகவே தேர்ந்தெடுத்துப் பார்ப்பது குற்றமல்ல. பார்க்காத இடத்தைக் காலி என்று எழுதுவதுதான் குற்றம். நல்ல வானியல் ஆய்வு, எந்தப் பரப்பைப் பார்த்தோம், எவ்வளவு மங்கலான சமிக்ஞைவரை எங்களுக்குக் கேட்கும் என்பதையும் சேர்த்தே சொல்லும். பூமியில் ஆட்களை எண்ணுகிறவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்: ஐயா, நீங்கள் தட்டாத கதவுகள் எத்தனை?