வினையும் இன்சுலினும்

இனிப்புநீர் என்று கிளினிக்கில் சொன்னதும் நம் வீடுகளில் இரண்டு பேச்சு எழும். எல்லாம் தலையெழுத்து என்பார் ஒருவர். வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா என்பார் இன்னொருவர். பிறகு புற்றுநோயும் வந்துவிட்டால், முன்வினை என்று பேச்சை முடித்துவிடுவோம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. செனாய், கூலாய் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களும் இந்தக் கணக்கில் அடங்கியவைதாம். ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு வரும் நோயை அவரவர் ஊழ் என்பதும் அவரவர் நாக்குச் சபலம் என்பதும் அநியாயம்.

செல்லுக்குள் நடப்பதைப் பாருங்கள். ஒரு கிளாஸ் தே தாரேக் குடித்ததும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் செல்லின் மேலுள்ள ஏற்பியில் பொருந்தியதும் பிஐ3கே, ஏகேடி, எம்டார் எனப் புரதத்துக்குப் புரதம் சேதி கைமாறுகிறது. சர்க்கரையை எடுத்துக்கொள் என்பது ஒரு சேதி, வளர் என்பது மற்றொன்று. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, தசையும் கல்லீரலும் முதல் சேதிக்குச் சரியாகச் செவிகொடுப்பதில்லை. ஈடுகட்டக் கணையம் மேலும் சுரக்கிறது. மிகையான அந்த இன்சுலின் மற்றத் திசுக்களிடம் வளரச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கொழுப்புத் திசுவும் தன் பங்குக்கு அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது. மரபணு ஏற்கெனவே பழுதான ஒரு செல்லுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மிகை உடற்கொழுப்பை 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புபடுத்தியது 2016இல்.

உயிருக்கு வாய்த்தவை தனு (உடல்), கரணம் (அகக் கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) என நான்கு என்கிறது சைவ சித்தாந்தம். உடலோடு சேர்த்து, அது வாழும் உலகையும் எண்ணிய தரிசனம் இது. நாமோ நோய் என்றதும் புவனத்தை மறந்துவிடுகிறோம். தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, வாளி சுமந்து நடந்தவர்களுக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இரவு ஷிப்டில் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். சோற்றின் அளவு குறையவில்லை, இனிப்புப் பானம் கூடியிருக்கிறது, நடை போய்விட்டது.

ஒல்லியானவருக்கும் புற்றுநோய் வருகிறதே, அப்போது அது வினைதானே என்று கேட்கலாம். செல்லின் சேதிகள் வாய்ப்பைக் கூட்டுகின்றன, தீர்ப்பு எழுதுவதில்லை. புகையிலையும் கிருமிகளும், செல் பிரியும்போது நேரும் பிழைகளும் தனிக் காரணங்கள். நோயைத் தண்டனை என்பவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தையின் தாயிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். சூழலைக் காரணம் காட்டினால் மனிதனின் பொறுப்பு போய்விடாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. சித்தாந்தம், முன்வினையில் இப்பிறவியில் அனுபவிக்க வந்த பிராரத்தத்தோடு நிற்கவில்லை. இப்போது செய்து சேர்க்கும் ஆகாமியத்தையும் பேசுகிறது. உடலிலும் அதற்கு இடமுண்டு: நடக்கும்போது சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஆகாமியம் உண்பவருக்கு மட்டுமல்ல, ஊட்டுபவருக்கும் உண்டு. சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரியை அரசாங்கம் 2019 ஜூலையில் கொண்டுவந்தது. கோயில் நிர்வாகங்கள் வரி போட வேண்டாம். திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் ரோஸ் சிரப்புக்குப் பதில் மோர் ஊற்றலாம். புண்ணியத்துக்குக் கொடுப்பதில் கணக்கா என்று கேட்பவர்களுக்கு, வாங்கிக் குடிப்பவர்களில் எத்தனை பேர் இனிப்புநீர்க்காரர்கள் என்ற கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.