கருவியும் கர்த்தாவும்

மனிதன் தன் உடலுக்கு வெளியே ஒரு கருவியைச் செய்து, அதைத் தன் உறுப்புகளில் ஒன்றைப் போலவே ஏவத் தொடங்குகிறபோது, அந்தக் கருவியால் நிகழும் காரியத்துக்குக் கர்த்தா யார் என்ற கேள்வி மிகப் பழமையானது. ஆனால் அதைத் தத்துவ நூல்களில்தான் தேடவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாகாணங்களில், வீட்டை ஒட்டிச் சில ஏக்கர் காடும் புல்வெளியும் வைத்துக்கொண்டு, இருபத்தைந்து குதிரைசக்தியுள்ள ஒரு சிறு டிராக்டரால் அதைப் பராமரித்து வருகிற ஒருவர், அந்த டிராக்டரின் முன்புறத்து லோடரில் ஹைட்ராலிக் கிராப்பிள் ஒன்றைப் பொருத்தலாமா என்று யோசிக்க உட்காருகிற இடத்திலேயே அந்தக் கேள்வி முழு உருவத்தோடு வந்து நிற்கிறது.

அவர் யோசிப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. கிழக்காசியாவைச் சேர்ந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று அமெரிக்காவில் முதன்முதலாக 2002-இல் டெட்ராய்ட் நகரத்தை அடுத்த பகுதியில் கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து குடைந்துகொண்டே போய், மரத்தின் உயிர்ச்சாறு ஓடும் பாதையைத் துண்டித்துவிடுகின்றன. அப்படிச் செத்த ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கானவை. செத்த பிறகு அவை சீக்கிரம் நொய்ந்து, கிளை முறிந்து, விழுந்து கிடக்கின்றன. அவற்றை அப்புறப்படுத்துவதற்கு லோடரின் பக்கெட் தக்க சாதனம் அன்று. மண்ணையும் ஜல்லியையும் அள்ளுவதற்கென்று ஏற்பட்ட அந்த இரும்புத் தொட்டியின் விளிம்பில் உருண்டையான மரத்தை எப்படிக் கிடத்தினாலும் அது உருண்டு விழுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் டிராக்டரை விட்டு இறங்கி, சங்கிலி சுற்றி, கொக்கி மாட்டி, ஏறி, போய்ச் சேர்ந்ததும் மறுபடி இறங்கி அவிழ்க்கவேண்டியிருக்கிறது. கிராப்பிளோ, கீழே சீப்புப் பற்களைப் போன்ற இரும்புக் கம்பிகளும் மேலே மூடித் திறக்கும் நகமுமாக அமைந்து, மரத்தையும் முட்புதரையும் வாரிக் கவ்வி எடுத்துக்கொண்டுவிடுகிறது.

இதைப் பொருத்துவதில் உள்ள சிக்கலே சிந்தனைக்கு இடம் தருவது. லோடருக்கு இயல்பாக இரண்டு தொழில்களே உண்டு. வலக்கைப் பக்கத்து லீவரை முன்னும் பின்னும் அசைத்தால் லோடரின் இரு கரங்களும் இறங்கி ஏறும். இடமும் வலமும் அசைத்தால் பக்கெட் மடங்கும், கவிழும். இவ்வளவோடு லீவருக்கு உள்ள நான்கு திசைகளும் தீர்ந்துபோகின்றன. கவ்வுவதற்கென்று ஐந்தாவது திசை கிடையாது. ஆகவே ‘தேர்டு ஃபங்ஷன்’ என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் மூன்றாவது வால்வு ஒன்றைச் சேர்த்து, பம்ப்பிலிருந்து வரும் ஆயிலின் பாதையில் அதைப் புகுத்தி, லோடரின் கரத்தோடு இரண்டு ஹோஸ்களை முன்முனை வரைக்கும் கொண்டுபோய்க் கப்ளர்களில் முடித்து, மின்காந்தத்தால் அந்த வால்வைத் திறந்து மூடும் பட்டன்களை லீவரின் தலையிலேயே அமைக்கிறார்கள். செலவைச் சுருக்க விரும்புவோர், பக்கெட்டை மடக்கும் ஆயிலையே இடைமறித்துத் திருப்பிவிடும் ‘டைவர்ட்டர்’ வால்வோடு திருப்தியடைகிறார்கள். ஆனால் அதில் பட்டனை அழுத்தியிருக்கும் வரையில் நகம் மட்டுமே அசையும், மடக்குதல் நின்றுவிடும், இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. எந்த வழியில் பொருத்தினாலும் ஒரு நியதி மட்டும் மாறுவதில்லை: லோடர் 400 கிலோ தூக்கும் என்றும், கிராப்பிளின் எடை 150 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், மரத்துக்கென்று மிஞ்சுவது 250 கிலோதான். புதிதாக வந்த சாமர்த்தியம் தன் விலையைப் பழைய பலத்திலிருந்தே பிடித்துக்கொள்கிறது.

இனி, மரத்தைத் தூக்குவது யார்? ஆசனத்தில் அமர்ந்திருப்பவர் ஒரு விரலை அசைத்தார், அவ்வளவே. ஆயில் தள்ளியது, எஞ்சின் உழைத்தது, இரும்பு கவ்வியது. பகவத் கீதையின் பதினெட்டாவது அத்தியாயம் எந்தக் காரியத்துக்கும் ஐந்து காரணங்களை வகுத்துச் சொல்கிறது: அதிஷ்டானம், கர்த்தா, பலவகைக் கரணங்கள், பலவகைச் சேஷ்டைகள், ஐந்தாவதாகத் தெய்வம். தான் ஒருவனே கர்த்தா என்று எண்ணுகிறவன் சரியாகப் பார்க்கிறவன் அல்லன் என்பதும் அங்கே பெறப்படுகிறது. சைவ சித்தாந்தமோ இன்னும் ஓர் அடி முன்னே சென்று, நாம் நம்முடையவை என்று எண்ணுகிற உடலும் மனமுமே ஆன்மாவுக்கு இறைவனால் அளிக்கப்பட்ட கருவிகள் என்று கொண்டு, தனு, கரணம், புவனம், போகம் என்று அவற்றை வரிசைப்படுத்துகிறது. இந்தக் கண்ணோட்டத்தில் கைக்கும் கிராப்பிளுக்கும் உள்ள பேதம், ஒன்று சொந்தம், மற்றது இரவல் என்ற பேதம் அன்று, இரண்டுமே இரவல்தான். அப்படியிருக்க, இரும்புக் கையைக் கண்டு மட்டும் அஞ்சுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

அஞ்சியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொன்னதைத் தள்ளிவிடுவதற்கில்லை. சீன ஞானி சுவாங் ட்சுவின் பெயரால் வழங்கும் நூலில் ஒரு கதை உண்டு. கன்பூசியஸின் சீடர் ஒருவர், கிணற்றுக்குள் இறங்கி ஜாடியில் நீர் மொண்டு வந்து பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருக்கும் கிழத் தோட்டக்காரரைப் பார்த்து, ஏற்றம் போட்டால் ஒரு நாளில் நூறு பாத்தி பாயுமே என்று சொல்ல, அந்தக் கிழவர், அது தமக்குத் தெரியாதது அல்ல என்றும், யந்திரம் உள்ள இடத்தில் யந்திர புத்தியும் வந்து குடியேறும் என்பதால் அதைப் பயன்படுத்த வெட்கப்படுவதாகவும் பதில் சொல்கிறார். காந்தியடிகள் 1909-இல் எழுதிய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில் யந்திர நாகரிகத்தைக் கடுமையாகக் கண்டித்தார், ஆனால் 1924-இல் அதைப்பற்றிக் கேட்கப்பட்டபோது, இந்த உடலே மிக நுட்பமான ஒரு யந்திரம், ராட்டையும் யந்திரந்தான் என்று ஒப்புக்கொண்டு, தாம் எதிர்ப்பது யந்திரத்தின்மேல் உள்ள மோகத்தையே என்று விளக்கி, தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார். கிழவரின் விரதம் தூயது, ஆனால் ஜாடியும் ஒரு கருவியே என்பதை அது மறந்துவிடுகிறது. காந்தியடிகளின் விடை அந்த இடத்தில் நம்மைச் சற்றுத் தூரம் அழைத்துப்போகிறது.

பென்ஸில்வேனியாவின் லாங்காஸ்டர் வட்டாரத்து ஆமிஷ் கிறிஸ்தவர்கள் இதே கேள்வியை ஏட்டில் வைக்காமல் வாழ்க்கையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வயலில் உழுவது குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கொண்டுதான். ஆனால் களஞ்சியத்தின் அருகே நிறுத்தி விசைக்காக ஓட்டும் டிராக்டருக்குத் தடையில்லை. ஊர்க் கம்பத்து மின்சாரத்தை வீட்டுக்குள் இழுக்கமாட்டார்கள். ஆனால் பட்டறையில் ரம்பமும் துளைக்கருவியும் அழுத்தப்பட்ட காற்றாலும் ஹைட்ராலிக் ஆயிலாலும் சுழல்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது முரண்பாடாகத் தோன்றும். ஆனால் அவர்கள் ஒரு கருவியைப் பார்த்து, இது பாவமா புண்ணியமா என்று கேட்பதில்லை. இது உள்ளே வந்தால் அண்டை வீட்டாரின் உதவி நமக்குத் தேவையில்லாமல் போய்விடுமா என்று கேட்கிறார்கள். கருவியின் குணத்தை அதன் இரும்பில் தேடாமல், அது எந்த உறவை அறுக்கிறது என்பதில் தேடுகிற இந்த முறை விவேகமானது. நானும் அதையே கைக்கொண்டு, ஆனால் ஊராரோடு உள்ள உறவை விட்டு, அதைக் காட்டிலும் அந்தரங்கமான வேறோர் உறவுக்கு அதைப் பொருத்திப் பார்க்கிறேன்.

அந்த உறவு, செய்வதற்கும் அறிவதற்கும் இடையே நம் கையிலேயே அமைந்திருப்பது. நம் தத்துவ சாஸ்திரங்கள் கையைப் பாணி என்று கர்மேந்திரியங்களிலும், தொடுவுணர்வைத் துவக்கு என்று ஞானேந்திரியங்களிலும் வைத்து எண்ணுகின்றன. எண்ணுகிறபோது இரண்டாக இருப்பவை, உடலில் ஓரிடத்தில் குடியிருக்கின்றன. ஒரு மரக்கட்டையைத் தூக்குகிறவன், தூக்குகிற அதே கணத்தில், அது ஈரமா உலர்ந்ததா, உள்ளே உளுத்ததா வைரம் பாய்ந்ததா, எந்தப் பக்கம் கனம், இன்னும் எவ்வளவு தாங்கலாம் என்பதையெல்லாம், தனியே விசாரிக்காமல், கையாலேயே அறிந்துகொள்கிறான். வரம்பு மீறினால் முதுகு வலித்து எச்சரிக்கிறது. குழந்தையின் தோளைப் பற்றும் கை, எவ்வளவு அழுத்தம் போதும் என்பதை யாரிடமும் கேட்பதில்லை. கிராப்பிளோ பாணியின் தொழிலை மட்டும் நூறு மடங்காக வாங்கிக்கொண்டு, துவக்கின் தொழிலை அறவே கைவிட்டுவிடுகிறது. இயற்கை ஓர் உறுப்பில் பிணைத்து வைத்ததை யந்திரம் பிரித்துவிட்டது. பலம் வந்தது, உணர்வு கூட வரவில்லை என்பதே இந்த விவகாரம் முழுவதன் சாரம்.

இதன் விளைவுகள் கண்கூடானவை. கவ்விய மரத்தின் கனம் ஓட்டுகிறவரின் விரலுக்குத் தெரிவதில்லை. பின்சக்கரங்கள் தரையில் லேசாகி வழுக்கத் தொடங்கிய பிறகு ஆசனத்தின் வழியாகத்தான் தெரியவருகிறது. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களிலேயே ஆதலால், அந்தச் சேதி வந்து சேர்வதற்குள் சரிவில் காலம் கடந்திருக்கும். ஆகவேதான் பின்னால் எடை கட்டு, பாரத்தைத் தரையை ஒட்டித் தாழ்த்தியே கொண்டுபோ, பெல்ட்டைப் போட்டுக்கொள் என்ற விதிகள் பிறந்தன. தோல் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது புத்தி விதியாக மனனம் செய்யவேண்டியிருக்கிறது.

இன்னும் நுட்பமான ஓர் உதாரணமும் உண்டு. ஹோஸில் ஊசிமுனை அளவு துவாரம் விழுந்து ஆயில் கசிந்தால், அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரையாகப் பீறிடுகிறது; இடம் எது என்று கையால் தடவிப் பார்க்கலாகாது, அட்டைத் துண்டையோ பலகைத் துண்டையோ நீட்டித்தான் பார்க்கவேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே ஆயிலைச் செலுத்திவிடும். முள் குத்தியது போன்ற ஒரு புள்ளிதான் வெளியே தெரியும், வலியும் முதலில் அற்பமாகவே இருக்கும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். யந்திரத்தின் எல்லைக்குள் தொடுவுணர்வு பயனற்றுப் போவதோடு நிற்கவில்லை; பொய்ச்சாட்சியும் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. நம் கையின் பிடி, பிடிக்கவேண்டும் என்ற எண்ணம் தளர்ந்ததும் தானே தளர்கிறது. கிராப்பிளில், பட்டனை விட்டதும் வால்வு நடுநிலைக்குத் திரும்பி ஆயிலின் இரு வழிகளையும் அடைத்துவிடுவதால், சிலிண்டருக்குள் அகப்பட்ட ஆயில் நகத்தை இறுக்கியபடியே வைத்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, ஓட்டுகிறவர் இறங்கி, வேறு நினைவில் ஆழ்ந்தாலும் பிடி நீடிக்கிறது. யாகம் முடிந்துபோன பிறகும், அதன் பலன் விளையும் காலம் வரையில் அபூர்வம் என்ற கண்ணுக்குப் புலனாகாத சக்தி நிலைத்திருக்கிறது என்று மீமாம்சகர்கள் சொன்னதை ஒரு தர்க்க வசதி என்று நினைப்பவர்கள் உண்டு. செயலைத் தொடங்கிய எண்ணம் ஓய்ந்தபின்பும் செயல் ஓய்வதில்லை என்பதை இந்த இரும்பு பிரத்தியட்சமாகவே காட்டிவிடுகிறது. கர்த்தாவின் பொறுப்பு அவன் விரல் அசைந்த கணத்தோடு முடிவதாயின், உலகில் பாதித் தீங்குகளுக்குப் பொறுப்பாளி இல்லாமல் போய்விடுவான்.

இந்தப் பலத்தின் மூலத்தைக் கண்டவர் பிரெஞ்சு ஞானி பிளேஸ் பாஸ்கல். மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்றும், நூறு மடங்கு அகலமான வாயில் நூறு பேரின் பலத்தைச் சிறு வாயில் நிற்கும் ஒருவனே எதிர்த்து நிற்கலாம் என்றும் அவர் எழுதியது, அவர் முப்பத்தொன்பது வயதில் மறைந்த மறுவருஷம், 1663-இல், வெளியாயிற்று. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குள், சதுர சென்டிமீட்டருக்கு 170 கிலோ அழுத்தமுள்ள ஆயில் மூன்று டன்னுக்கு மேல் தள்ளுவது இந்த நியதியால்தான். அதே பாஸ்கல், 1670-இல் அச்சேறிய தம் ‘சிந்தனைக’ளில், மனிதனை நசுக்க ஒரு துளி நீரே போதும் என்றாலும், தான் நசுக்கப்படுவதை அவன் அறிகிறான், நசுக்குவதோ ஒன்றும் அறியாது, ஆகவே மனிதனே உயர்ந்தவன் என்ற கருத்தை வைத்தார். பலத்தைப் பெருக்கும் ரகசியத்தைக் கண்டவரே, மனிதனின் மேன்மையைப் பலத்தில் வைக்காமல் அறிவில் வைத்தார் என்பது யோசிக்கத்தக்கது.

ஆகவே, பொருத்தலாமா என்ற கேள்விக்கு என் விடை, பொருத்தலாம் என்பதே. முதுகொடியச் சங்கிலி சுற்றுவதில் தனியாக ஒரு புண்ணியம் இல்லை; செத்த மரத்தை அகற்றி இளங்கன்றுக்கு வெயில் காட்டுவது நல்ல காரியமே. ஆனால் யந்திரம் கவ்வுதலை ஏற்றுக்கொண்டதனால் நம் கடமையில் ஒரு பகுதி கழிந்தது என்று எண்ணுவது தவறு. உணர்வு செய்துவந்த வேலையைக் கவனம் செய்யவேண்டியிருக்கிறது. அது முன்பு உடலுக்கு இயல்பாக இருந்தது, இனிமேல் மனத்துக்கு விரதமாக இருக்கும். எத்தனை கிலோ, எந்தச் சரிவு, யார் அருகில் நிற்கிறார்கள், பிடியை எப்போது விடுவது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளச் சம்மதிக்கிறவருக்குத்தான் அந்த இரும்புக் கை உரியது. அவ்வளவு கவனத்துக்கு அவகாசம் இல்லாதவர், தம் இரண்டு கைகளால் தூக்கமுடிந்ததோடு நிற்பது அவருக்கும் அண்டை அயலாருக்கும் க்ஷேமம்.