அச்சாணி ஆகாதவர்

செனாயில் நடைபெறும் எந்தத் திருமணத்திற்கும் சென்று பாருங்கள். நெடுநாள் காணாதவரைக் கண்டதும் நம்மவர் வாயில் முதலில் வருவது, "என்ன, உடம்பு போட்டுவிட்டீர்களே!" என்பதுதான். சொன்னவருக்கு அஃது அன்பு. சொல்லப்பட்டவருக்கோ அன்று முழுதும் உறுத்தும் முள்.

2025 நவம்பரில், ‘அதர்ஸ்’ திரைப்படத்தையொட்டிச் சென்னையில் இத்தகைய சொல்லொன்று சர்ச்சையாகவே மாறியது. நாயகியைத் தூக்கி நடித்த நாயகரிடம், அவருடைய எடை எவ்வளவு என்று ஒரு செய்தியாளர் கேட்டிருந்தார். நடிகை கௌரி கிஷன், அஃது உருவக்கேலி என்று செய்தியாளர் சந்திப்பிலேயே எதிர்த்துரைத்தார். கேட்டவரோ, வேடிக்கைக்காகக் கேட்டதாகச் சொன்னார். நடிகர் சங்கம் கண்டனம் தெரிவித்தது. ஒருவர் நோக, மற்றவர் நகைப்பது எவ்வாறு வேடிக்கையாகும்?

தோற்றத்தை வைத்து எவரையும் எள்ளலாகாது என்பதற்கு வள்ளுவர் தேரின் அச்சாணியை உவமையாக்கினார். 667ஆம் குறளான அது, ‘வினைத்திட்பம்’ என்னும் அதிகாரத்தில் அமைந்துள்ளது. செயல் வல்லாரைச் சுட்டுவது. வகுப்பில் நாம் அதனை விளக்கும்போது, "சிறியவரிடமும் பேராற்றல் இருக்கலாம், ஆகவே இகழாதீர்" என்று கூறி முடித்துவிடுகிறோம். அங்ஙனமாயின், பேராற்றல் ஏதுமற்ற பிள்ளையை இகழலாமா? மதிப்பைச் சாதனையால் ஈட்டிக்கொள் என்று குழந்தையிடம் சொல்வது அறமாகுமா?

இவ்வினாவை என்னுள் எழுப்பியவள் ஒரு மாணவி. நம் பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல், ‘செகாக்’ உடற்தகுதித் தேர்வின்போது மாணவரின் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன், குறித்துக்கொள்பவர் செவியில் விழட்டுமென்று, அவள் எடையை நான் உரக்கச் சொன்னேன். வரிசை சிரித்தது; நானும் புன்னகைத்தேன். அடுத்த முறை எடை பார்த்த நாளில் அவள் பள்ளிக்கு வரவில்லை. நான் சொன்ன எண்ணில் பிழையில்லை. சொன்ன முறையில் இருந்தது. அவள் நலம் காக்க எடுத்த அளவை, ஊர் நகைக்கும் செய்தியாக்கியது என் குரலே.

அன்றுமுதல் என் பள்ளியில் எடை எழுதப்படுகிறது, அறிவிக்கப்படுவதில்லை. கவலைக்குரியது உண்டெனில் பெற்றோரிடம் தனியே பேசுகிறோம். அக்கறை தனிமையை நாடும். கேலிக்கே அவை வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! தேருக்கு அச்சாணி ஆகாதவரும் மனிதரே. அவரையும் நோகாது காப்பதன்றோ கல்வி?